வெள்ளிக்கிழமை யாருக்கு லீவு?

கருவாட்டுக்கூடை (வெள்ளி, இரவு 8.10)

மூணு நாளா ஒரு கட்டுரை எல்லாக் குழுவுலயும் சுத்துது. எழுதினவர் நம்ம குழுவுலயே இருக்கார், 'சேதுச்சந்தை'ங்கிற பேர்ல. படிக்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். மீன்பிடித் தடைக்காலம் வேண்டாம், வரி கழிச்ச டீசல் வேண்டாம், கடலுக்குப் போக மீன்துறை குடுக்குற டோக்கன் வேண்டாம். அரசு ஒதுங்கிக்கிட்டா சந்தையும் மரபும் சேந்து கடலைப் பாத்துக்குமாம். அதுக்குச் சாட்சியா ஒரு வரி போட்டிருக்கார்: "ராமநாதபுரம் கடற்கரையில் நம் முன்னோர் வெள்ளிக்கிழமை கடலில் வலை போடமாட்டார்கள். எந்த அரசும் அவர்களுக்குச் சொல்லவில்லை."

ஐயா, இது எந்த ஊர்ல? நான் பாம்பன்ல பொறந்து பாம்பன்லயே வாக்கப்பட்டவ. பத்தொம்பது வருசமா கருவாடு போடுறேன். எங்கப்பா வத்தை, அதான் நாட்டுப்படகு, இறக்காத நாள் ஞாயித்துக்கிழமை. காலையில பூசை, மத்தியானம் கறி, சாயங்காலம் திண்ணையில உக்காந்து வலை பொத்துவாரு. வெள்ளிக்கிழமை நல்லாவே கடலுக்குப் போயிருக்காரு. தூக்குவாளியில கஞ்சி ஊத்திக் குடுத்து விட்டதே நான்தான். உங்க முன்னோர் மட்டும்தான் முன்னோரா? எங்கப்பாவெல்லாம் எந்தக் கணக்கு?

சேதுச்சந்தை (8.31)

கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு விமர்சிப்பது நாகரிகம். வெள்ளிக்கிழமை என்பது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. கடற்கரைச் சமூகங்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு வைத்துக்கொண்டன, அரசு பின்னால் வந்து அதைக் கெடுத்தது என்பதுதான் என் வாதம். இதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் கிழமையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

தொண்டி_துபாய் (8.40)

வெள்ளிக்கிழமை உண்மைதான். எங்க ஊர்ல ஜும்ஆ அன்னைக்கு ஒரு வள்ளம் இறங்காது. எங்க வாப்பா காலத்துல இறங்கினா பள்ளிவாசல்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. அந்தப் பெரியவர் எழுதினதுல என்ன தப்பு? பாம்பன்ல இல்லைன்னா மாவட்டத்துலயே இல்லைன்னு ஆயிடுமா லாத்தா?

கருவாட்டுக்கூடை (8.44)

அதைத்தானே தம்பி நானும் சொல்றேன். உங்க ஊர்ல வெள்ளி, எங்க ஊர்ல ஞாயிறு. அவரு "ராமநாதபுரம் கடற்கரை"ன்னு ஒரே கூடையில அள்ளிப் போட்டுட்டாரு. அப்புறம் பள்ளிவாசல்ல கூப்பிட்டுக் கேப்பாங்கன்னீங்களே, அதுக்குப் பேரு என்ன? "எந்த அரசும் சொல்லவில்லை"யாம். ஜமாத்து சொல்லுச்சு, பங்குச் சாமியார் சொன்னாரு, ஊர்த்தலைவர் சொன்னாரு. மீறினா அபராதம். சொல்ல ஆளா இல்ல?

வத்தை_வடகடல் (8.52)

கிழமைக் கணக்கு பேச வந்தவங்க இதையும் கேட்டுக்கோங்க. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மிச்ச நாலு நாளு நாட்டுப்படகு எங்களுக்கு. ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி. இப்ப அந்த எழுத்தாளர் வெள்ளி லீவுங்குறாரு. அக்கா ஞாயிறு லீவுங்குறாக. மரபுப்படி எங்களுக்கு வாரத்துக்கு ரெண்டே நாளு. அமாவாசையையும் கழிச்சா வத்தையைக் கவுத்துப் போட்டு அதுல கருவாடு காய வைக்கலாம்.

மடி_ஓனர் (9.02)

கருவாட்டுக்காரங்களுக்கு நல்ல யோசனை.

சேதுச்சந்தை சாரோட எல்லாத்தையும் ஒத்துக்க மாட்டேன். ஆனா தடைக்காலத்தைப் பத்தி அவரு சொன்னது நூத்துக்கு நூறு. 2001-ல ஆரம்பிக்கும்போது 45 நாளு. 2017-ல 61 ஆக்கிட்டாங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் படகு கரையில. குடும்பத்துக்கு 8,000 ரூபா குடுக்குறாங்க. என் படகைக் கரையேத்தி, பலகை மாத்தி, பெயின்ட் அடிச்சு இறக்குறதுக்கு அது நட்டு போல்ட்டுக்குக் காணாது. இதுல என் படகுல வாரவங்க அஞ்சு பேரும் அந்த ரெண்டு மாசத்துக்கு அட்வான்ஸ் கேப்பாங்க.

வத்தை_வடகடல் (9.06)

இழுவைமடி வலையைப் போட்டுக் கடலடியோட வழிச்சிட்டு வந்து பாதியைச் சங்காயம், அதான் கழிவு மீனுன்னு கோழித் தீவனத்துக்கு அனுப்புறீங்க. விரல் நீளம் கூட இல்லாத குஞ்சு. 61 பத்தாது, 90 வைக்கணும். போன மாசம் எங்க நண்டு வலையை அறுத்துட்டுப் போன படகோட நம்பர் என்கிட்ட இருக்கு. போடவா?

குழு நிர்வாகி (9.09)

நம்பர் போட வேண்டாம். இலங்கை, கச்சத்தீவுப் பேச்சும் வேண்டாம். போன தடவை அதுல மூணு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க.

வாத்தியார்_உச்சிப்புளி (9.15)

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சுதந்திரச் சந்தை' என்று எதைச் சொல்கிறோம்? 'அரசு' என்பது சென்னையா, டெல்லியா, ஊர்க் கமிட்டியா? முதலில் இதை வரையறை செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

மடி_ஓனர் (9.16)

வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க.

சேதுச்சந்தை (9.28)

வத்தைக்கார நண்பர் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறார், நன்றி. கேளுங்கள். இந்த இழுவைமடி யாருடைய குழந்தை? நம் தாத்தாக்களிடம் இருந்தது பாய்மர வத்தையும் கரைவலையும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கடனும் மானியமும் கொடுத்து இயந்திரப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, இறால் பிடி, டாலர் வரும் என்று பழக்கியது அரசு. படகு பெருகிக் கலவரம் வந்ததும் 1983-ல் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் போட்டது, அதுவும் அரசுதான். 2017-ல் என்ன நடந்தது? ஒரு பக்கம் தடைக்காலத்தை 61 நாளாக நீட்டினார்கள். அதே வருடம் 80 லட்ச ரூபாய் ஆழ்கடல் படகுக்கு 70 சதவீதம் மானியம் என்றார்கள். மத்திய அரசு 50, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. ஒரு கையால் படகைக் கொடுத்து மறு கையால் கட்டிப்போடுகிற இந்த வேலையைத்தான் விட்டுவிடச் சொன்னேன்.

வத்தை_வடகடல் (9.31)

அந்த 80 லட்சம் திட்டம் மடிப் படகை ஒப்படைச்சிட்டு ஆழ்கடலுக்குப் போறதுக்குக் குடுத்தது. பாக் நீரிணையில 2,000 படகை மாத்துறதா சொன்னாங்க. எத்தனை பேரு மாத்தினீங்க? ஓனரு கையைத் தூக்குங்க பாப்போம்.

மடி_ஓனர் (9.33)

ஆழ்கடலுக்கு ஒரு தடவை போய்ட்டு வர டீசல் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? துடுப்பு போடுறவன் எல்லாம் டீசல் கணக்கு கேக்குறான்.

வத்தை_வடகடல் (9.33)

எங்கிட்டயும் எஞ்சின் இருக்கு. துடுப்பு உங்க தாத்தா போட்டது.

கருவாட்டுக்கூடை (9.50)

சேதுச்சந்தை ஐயா நல்லாத்தான் பேசுறாரு. ஆனா வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பதில் வரலை. அது இருக்கட்டும், அவரு சொல்ற சந்தை எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். அவரு கரைக்கு வந்து பாத்திருக்க மாட்டாரு. வந்திருந்தாலும் பத்து மணிக்கு வெயில் கண்ணாடி போட்டுட்டு வந்திருப்பாரு.

விடியக்காலம் நாலரைக்கு வாங்க. படகு அணையுது. காரல், சூடை, நெத்திலி, கணவாய் எல்லாம் கூடை கூடையா மண்ணுல கொட்டுவாங்க. ஏலக்காரர் கத்துவாரு, நாங்க பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க முந்தானையைச் செருகிக்கிட்டு நின்னு கேப்போம். ஒருத்தி ஐந்நூறும்பா, ஒருத்தி ஐந்நூத்தி இருபதும்பா. அது வரைக்கும் சந்தைன்னு ஒத்துக்கிறேன். பக்கத்துலயே இன்னொண்ணு நடக்கும். இறாப் பெட்டி மட்டும் மண்ணுல இறங்காது. படகுலேருந்து நேரா ஏற்றுமதிக் கம்பெனி வண்டிக்குப் போகும். காதுல பேனா சொருகின ஒரு பையன் ஒரு கை அள்ளி எண்ணிப் பாத்து, அட்டையைக் கிழிச்சு எடையை எழுதி ஓனர் கையில குடுப்பான். எடை மட்டும்தான். விலை இருக்காது. விலை ரெண்டு நாள் கழிச்சு போன்ல வரும். ஏன்? எஞ்சின் மாத்தும்போது கம்பெனிக்காரர்கிட்ட முன்பணம் வாங்கியாச்சு. அது தீர்ற வரைக்கும் வேற ஆளுக்கு ஒரு இறா விக்க முடியாது. அது தீர்ந்தும் நான் பாக்கலை.

அந்த அட்டையில எந்த மந்திரி கையெழுத்து இருக்கு? கலெக்டர் வந்தாரா, மீன்துறை ஜீப் வந்துச்சா? அரசு இல்லாத சந்தை வேணும்னீங்களே, அது தினம் நாலரைக்கு நடக்குது. அதுல விலை கேக்குற வாய் கருவாட்டுக்காரிக்கு இருக்கு, லட்ச லட்சமா போட்டுப் படகு வச்சிருக்கிற மடி_ஓனருக்கு இல்லை.

மடி_ஓனர் (9.58)

அக்கா ரொம்பப் பேசாதீங்க. முன்பணம் இல்லாம எஞ்சின் எப்படி வாங்குறது? பேங்குல போய் நின்னு பாருங்க. படகை ஜாமீனா எடுக்க மாட்டேம்பாங்க, வீட்டுப் பத்திரம் கேப்பாங்க. என் வீடு இருக்கிறது புறம்போக்கு. கம்பெனிக்காரரு ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் குடுப்பாரு. என் மக பிரசவத்துக்குக் குடுத்தாரு. கிலோவுக்கு அம்பது குறைச்சுத்தான் எடுப்பாரு, தெரிஞ்சுதான் குடுக்குறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது.

அப்புறம் கணக்கு பேசினா நானும் பேசுவேன். கஜா புயல் வந்த வாரம், 2018 நவம்பர், எங்கிட்ட மூணு கூடை காரல் கடனுக்கு எடுத்தீங்க. இன்னும் வரலை.

கருவாட்டுக்கூடை (10.01)

ரெண்டு கூடை. அதுவும் ஐஸ் இல்லாம ரெண்டு நாள் கிடந்து வயிறு வெடிச்ச காரல். உப்புச் செலவு கூடத் திரும்பலை. குடுக்க மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்.

மடி_ஓனர் (10.02)

மூணு.

தொண்டி_துபாய் (10.05)

அதே காரலை நீங்க கருவாடாக்கி வித்தீங்களா இல்லையா லாத்தா? அப்ப எவன் வயிறு வெடிச்சுச்சோ.

கருவாட்டுக்கூடை (10.06)

துபாய்ல ஏசியில உக்காந்துக்கிட்டு மரபைப் பத்திப் பேசுறவங்க கருவாட்டு நாத்தத்தைப் பத்திப் பேசக் கூடாது தம்பி. ஊருக்கு வந்தா முதல்ல கேக்குறது நெய்மீன் கருவாடு. அதுவும் ஓசியில.

பாசிக்காரி (10.14)

நான் சின்னப்பாலம். யாரும் எங்களைக் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். தீவுப்பக்கம் கடல்பாசி எடுக்க மாசத்துல பன்னிரண்டு நாள்தான் இறங்குறதுன்னு பொம்பளைங்க நாங்களே பேசி வச்சிருக்கோம். பாசி வளர வேணாமா. ஆனா மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986-லேருந்து தேசியப் பூங்கா. நாங்க கையில துணியைச் சுத்திக்கிட்டு முங்கி எடுக்குறதும் வனத்துறை புஸ்தகத்துல குத்தம்தான். இதுக்கு உங்க கட்டுரையில எடம் இருக்கா?

சேதுச்சந்தை (10.19)

அருமை! இதைத்தான் சொன்னேன். அரசு இல்லாமலேயே கட்டுப்பாடு. அடுத்த கட்டுரையில் உங்களைக் கண்டிப்பாகக் குறிப்பிடுகிறேன்.

பாசிக்காரி (10.21)

குறிப்பிட வேண்டாம். எடுத்த பாசிக்கு வியாபாரி வச்சதுதான் விலை. அதைக் கேக்க யாரை அனுப்புவீங்கன்னு எழுதுங்க.

கருவாட்டுக்கூடை (10.30)

கேட்டுக்கோங்க ஐயா.

இன்னொண்ணு. கட்டுரையில "முத்துக்குளிப்புக் காலத்தில் அரசன் தலையிட்டதில்லை"ன்னு ஒரு வரி இருக்கு. என் மக காலேஜுல வரலாறு படிக்கிறா, அவகிட்டக் காட்டினேன், சிரிச்சிட்டா. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டுல இந்தக் கடலுக்கு வந்தவரு. முத்துல பத்துல ஒரு பங்கு ராசாவுக்குன்னு எழுதி வச்சிருக்காராம். இருபதுல ஒரு பங்கு சுறாமீன் கடிக்காம மந்திரம் போடுற ஆளுக்கு. அந்த ஆளுக்குக் கடல்கட்டின்னு பேரு. பாண்டியர் போய் சேதுபதி, டச்சுக்காரன், வெள்ளைக்காரன்னு யார் வந்தாலும் சங்கும் முத்தும் சர்க்காரோடது. குளிக்கிறவன் மூச்சு மட்டும்தான் அவனுக்குச் சொந்தம். அதுல எப்ப ஐயா தலையிடாம இருந்தாங்க?

அந்த இருபதுல ஒரு பங்கு வாங்கிக்கிட்டு மந்திரம் ஓதுற வேலையை இப்ப கட்டுரை எழுதுறவங்க பாக்குறாங்க போல.

சேதுச்சந்தை (10.41)

தனிமனிதத் தாக்குதல். வேறென்ன எதிர்பார்க்க முடியும். அரசன் வேறு, நவீன அரசு வேறு. அரசன் பத்தில் ஒன்று எடுத்தான், இன்றைய அரசு எவ்வளவு எடுக்கிறது? உங்கள் மகளிடம் இதையும் கேளுங்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961. அரசு கையில் இருந்த தொழில் எப்படி முடிந்தது பார்த்தீர்களா?

வத்தை_வடகடல் (10.43)

சிப்பி இல்லாமப் போனா எந்த அரசு என்ன பண்ணும்? அரசு கையில இல்லாத கடல் அட்டை என்ன ஆச்சு? கீழக்கரைப் பக்கமிருந்து காலங்காலமா சீனாவுக்குப் போன சரக்கு. சந்தைதான், மரபுதான், எல்லாம்தான். அள்ளுனோம். 2001-ல வனவிலங்குச் சட்டத்துல போட்டுத் தடை பண்ணிட்டாங்க. எங்க மாமன் மேல இன்னும் கேஸ் நடக்குது.

தொண்டி_துபாய் (10.47)

தடை பண்ணினதால இப்ப கள்ளத்தனமாப் போகுது. தடை இல்லைன்னா பண்ணை வச்சு வளத்திருப்பாங்க. இதுல சேதுச்சந்தை சார் பக்கம்தான் நியாயம். வெள்ளிக்கிழமையிலயும் அவரு சொன்னது சரி.

கருவாட்டுக்கூடை (10.48)

வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல சரி. உங்க ஊர்ல மட்டும்.

சேதுச்சந்தை (10.55)

"பெரும்பாலான" என்ற சொல் அச்சில் விடுபட்டிருக்கலாம். இதற்காக ஒரு கட்டுரையையே குப்பையில் போடுவீர்களா?

கருவாட்டுக்கூடை (10.57)

போன்ல எழுதினதுல அச்சு எங்கேருந்து வந்துச்சு? பெரும்பாலானதுன்னு போட்டாலும் தப்புதான். பாம்பன், தங்கச்சிமடம், கரங்காடு, மூக்கையூர். எண்ணிக்கிட்டே போகவா? எல்லாம் ஞாயிறு.

வாத்தியார்_உச்சிப்புளி (11.03)

தேவிபட்டினம் பக்கம் செவ்வாய்க்கிழமை போகாதவர்களும் உண்டு என்று என் மாமனார் சொல்வார். நான் முன்பு கேட்ட வரையறைக் கேள்விக்கு இன்னும் ஒருவரும்...

மடி_ஓனர் (11.04)

ஐயா, செவ்வாயையும் சேத்துட்டீங்களா. வத்தைக்காரருக்கு இனி வியாழன் மட்டும்தான்.

வத்தை_வடகடல் (11.05)

சிரிங்க. வருசத்துக்கு 18,000 லிட்டரா இருந்த வரி இல்லாத டீசலை 19,000 ஆக்கி வாங்கினவரு சுதந்திரச் சந்தைக்கு ஆதரவு. எங்களுக்கு 4,000-த்துலேருந்து 4,400. அரசு ஒதுங்கட்டும்னு இப்பவே எழுதிக் குடுங்க, டீசல் புக்கைத் திங்கக்கிழமை மீன்துறை ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டு வருவோம். நானும் கூட வாரேன்.

மடி_ஓனர் (11.09)

தடைக்காலம் வேண்டாம்னுதான் சொன்னேன். டீசல் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? அது அவரு சொன்னது.

சேதுச்சந்தை (11.12)

இதுதான் நம் மக்களின் பிரச்சினை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

மடி_ஓனர் (11.13)

கடல்ல இறங்காதவன் பிரச்சினை என்னன்னு நான் சொல்லவா? 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்காவுல நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டான். மறுநாளே கம்பெனிக்காரரு போன் பண்ணி இறா விலையை இறக்கிட்டாரு. அது எந்த மரபு, எந்தச் சந்தை? அன்னைக்கு நம்ம அரசு ஏதாவது பண்ணாதான்னுதான் எல்லாரும் வாயைப் பாத்துக்கிட்டு நின்னோம். நீங்க என்ன எழுதினீங்க அன்னைக்கு? பொன்னியின் கரையில பனைமரம்னு ஒரு கவிதை போட்டீங்க. பொன்னிக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?

கருவாட்டுக்கூடை (11.16)

அந்தக் கவிதையை நானும் படிச்சேன். பதநீர் சித்திரை வெயில்ல வாரது, அவரு மார்கழியில இறக்குறாரு.

சேதுச்சந்தை (11.20)

கவிதைக்கும் இந்த விவாதத்துக்கும் தொடர்பில்லை.

தொண்டி_துபாய் (11.24)

இருந்தாலும் மார்கழியில தப்புதான் சார்.

குழு நிர்வாகி (11.30)

இழையைப் பூட்டப் போறேன். காலையில வேலை இருக்கு.

கருவாட்டுக்கூடை (11.34)

பூட்டுங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வத்தைக்காரத் தம்பி, இன்னைக்குக் கடலுக்குப் போனீங்களா இல்லையா?

வத்தை_வடகடல் (11.36)

போனேன். முரல் நாலு கிலோ, நண்டு ஒன்றரை. வலை பாதியில சிக்கிருச்சு.

கருவாட்டுக்கூடை (11.36)

ஐயா, படிச்சீங்களா?

சேதுச்சந்தை (11.49)

ஒரு தனிநபர் ஒரு நாள் போனதை வைத்து மரபை மறுக்க முடியாது. இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆதாரத்தோடு வெள்ளிக்கிழமை வரும்.

மடி_ஓனர் (சனி, காலை 5.20)

டோக்கன் வாங்கியாச்சு, ஐஸ் ஏறுது. நாளைக்கு விடிய அணைவோம். அக்கா, காரல் வந்தா உங்களுக்கு ஒதுக்கவா? பழைய மூணு கூடைக்கும் சேத்துப் பணம் கொண்டாங்க.

கருவாட்டுக்கூடை (5.24)

நாளைக்கு ஞாயிறு. பூசை முடிஞ்சுதான் வருவேன், அது வரைக்கும் ஐஸ்ல வைங்க. ரெண்டு கூடை.